ஹோண்டுராஸ் கால்பந்து வீரர் கார்லோஸ் பாவோன் பற்றி யாருக்காவது விவரம் தெரியுமா?

கேள்வி: 2010 உலகக் கோப்பை பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது இந்தப் பெயர் கண்ணில் பட்டது. ஹோண்டுராஸ் அங்கே ஒரு கோல்கூட அடிக்கவில்லையே, அப்புறம் ஏன் அந்த நாட்டில் இவரை இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பந்துப்பிரியன்: அந்த நாட்டுக்காக அதிக கோல் அடித்தவர் அவர்தான், 57 கோல். எல் ப்ரோக்ரெசோவில் பிறந்தவர், மெக்சிகோவில்தான் பெயர் வாங்கினார். இத்தாலியில் உடினேசே, நாபோலி கிளப்புகளுக்குப் போனார், அங்கே சோபிக்கவில்லை.

கார்னர்கிக்: கோல் கணக்கை விடுங்கள், 2009 அக்டோபரைப் பாருங்கள். 10ஆம் தேதி ஹோண்டுராஸின் சான் பெட்ரோ சூலாவில் அமெரிக்காவுடன் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம், 2-3 என்று பின்தங்கியிருக்கும்போது கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டியை இவர் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டார், தோல்வி. ஊரே திட்டியிருக்கும். நான்கே நாள் கழித்து எல் சால்வடாரில் தலையால் முட்டி ஒரே கோல், 1-0. தகுதி பெற அதுவும் போதாது, அதே நாளில் வாஷிங்டனில் அமெரிக்காவுடன் ஆடிய கோஸ்டா ரிகா ஜெயிக்கக் கூடாது. அங்கே 95ஆவது நிமிடத்தில் அமெரிக்காவின் போர்ன்ஸ்டீன் அடித்து 2-2 ஆக்கினார். ஹோண்டுராஸுக்கு 1982க்குப் பிறகு முதல் உலகக் கோப்பை! அப்போது பாவோனுக்கு வயது 36. அந்தப் பெனால்டிக்குப் பிறகும் அவரைக் களமிறக்கிய பயிற்சியாளர் ருயேடாவுக்கும் பாதிப் பெருமை உண்டு.

கேள்வி கேட்டவர்: இது போதும் நண்பா, அந்த ஆட்டத்தைத் தேடிப் பார்க்கிறேன். இன்னொரு ஹோண்டுராஸ் வீரர் டேவிட் சுவாசோ இவரைவிடப் பெரிய ஆளா?

பந்துப்பிரியன்: கிளப் அளவில் ஆமாம். 2005-06இல் இத்தாலியின் காலியாரி கிளப்புக்கு 22 லீக் கோல், பிறகு அங்கேயே இன்டர் கிளப். தேசிய அணிக்கு என்றால் என் ஓட்டு பாவோனுக்கே.