போருக்குச் சொல்லும் காரணம் ஏன் பாதியில் மாறுகிறது?

பழையபேப்பர்:
ஈராக் போருக்கு அமெரிக்கா முதலில் என்ன காரணம் சொன்னது, ஞாபகம் இருக்கிறதா? பேரழிவு ஆயுதங்கள். 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் படம், ஒலிப்பதிவு எல்லாம் போட்டுக் காட்டினார். உள்ளே போய்த் தேடினார்கள், ஆயுதம் இல்லை. உடனே, ஈராக் அதிபர் சதாம் கொடுங்கோலன் என்பது முன்வரிசைக்கு வந்தது. அடுத்து ஜனநாயகம். அதற்கடுத்து, 'இப்போது கிளம்பினால் நாடு பயங்கரவாதிகள் கைக்குப் போய்விடும்'. கடைசியாக, 'உயிர்விட்ட நம் வீரர்களின் தியாகம் வீணாகக் கூடாது'.

ஓடையில் தண்ணீர் குடித்த ஆட்டுக்குட்டியிடம் ஓநாய் பேசியதுபோல் இருக்கிறது. நீ கலக்கவில்லையா, சரி, உன் அப்பன் கலக்கியிருப்பான்.

அந்தக் கடைசிக் காரணம்தான் என்னை உறுத்துகிறது. முதல் வீரன் செத்த நிமிடத்திலிருந்து எந்தப் போருக்கும் அது பொருந்தும். பொய் என்று நிரூபிக்கவும் முடியாது. போரே போருக்குக் காரணம் ஆகிவிடுகிறது.

தராசு:
ஒரு செயலுக்கு ஐந்து காரணம் சொன்னால் ஐந்தும் பொய் என்று எந்தக் கணக்கில் வருகிறது? 2002 அக்டோபரில் போருக்கு அனுமதி தந்து அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை எடுத்துப் படியுங்கள். ஆயுதம், ஐ.நா. தீர்மானங்களை மீறியது, சொந்த மக்களை ஒடுக்கியது எல்லாம் அப்போதே அதில் இருக்கின்றன. பிறகு உட்கார்ந்து யோசித்துச் சேர்த்தவை அல்ல. சந்தேகமும் வானத்திலிருந்து விழவில்லை. 1988-ல் ஹலப்ஜாவில் விஷவாயு போட்டு ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றது அதே சதாம் அரசுதான்.

பழையபேப்பர்:
ஹலப்ஜா நடந்தது உண்மை சார், மறுக்கவில்லை. ஆனால் அது நடந்தபோது வாஷிங்டன் யார் பக்கம்? ஈரானோடு நடந்த போரில் ஈராக்கின் பக்கம். குற்றம் 1988-ல் நடந்தது, காரணமாகப் பதவி உயர்வு பெற்றது பதினைந்து வருடம் கழித்து. அந்த இடைவெளியைத்தான் நான் கேட்கிறேன்.

மழைக்குருவி:
எப்போதும் அமெரிக்காதானா? மாஸ்கோ பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்கள் அண்ணே. அங்கே நிரந்தரக் காரணம் 'அவர்களே கூப்பிட்டார்கள்'. 1968-ல் செக்கோஸ்லோவாகியாவுக்குள் டாங்கிகள் போனபோதும் அதுதான். 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானிலும் அதுதான். படை அனுப்பச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டவர் அந்நாட்டுத் தலைவர் ஹபிசுல்லா அமீன். டிசம்பர் 27 அன்று அவருடைய மாளிகைக்குள்ளேயே புகுந்து அவரைக் கொன்றார்கள். விருந்தாளி வந்து வீட்டுக்காரரைக் கொன்றுவிட்டு, அழைப்பிதழை ஊருக்குக் காட்டிய கதை.

2022-ல் உக்ரைனுக்குள் போனபோது அதன் பெயர் போர்கூட இல்லை, 'சிறப்பு ராணுவ நடவடிக்கை'. தற்காப்பு உரிமை பேசும் ஐ.நா. சாசனத்தின் 51-ஆவது பிரிவைப் புதினும் அன்று மேற்கோள் காட்டினார்.

கோட்டோவியம்:
51-ஆவது பிரிவு என்றதால் ஒன்று சொல்கிறேன். ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காப்பு உரிமை உண்டு என்பதுதான் அதில் இருப்பது. 'நாளை அடிப்பான், அதனால் இன்றே நான் அடிக்கிறேன்' என்பதற்கு வழக்கமாகக் காட்டும் அளவுகோல் 1837-ல் கரோலைன் என்ற அமெரிக்கக் கப்பலை ஆங்கிலேயர் எரித்த விவகாரத்தில் பிறந்தது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் வெப்ஸ்டர் கேட்டது இது: ஆபத்து தலைக்கு மேல் வந்திருக்க வேண்டும், வேறு வழி தேடவோ நின்று யோசிக்கவோ நேரம் இருந்திருக்கக் கூடாது. மாதக்கணக்கில் மேடை போட்டு விளக்க முடிந்த ஆபத்து இந்த அளவுகோலில் எப்படித் தேறும்?

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட வெட்கங்கெட்ட உதாரணம் எகிப்தின் சூயஸ் கால்வாய்ப் போர். 1956 அக்டோபரில் பிரிட்டனும் பிரான்சும் சொன்ன காரணம், 'இஸ்ரேல்-எகிப்து சண்டையை விலக்கிவிடப் போகிறோம்'. அந்தச் சண்டையை இஸ்ரேல் எப்போது தொடங்க வேண்டும் என்று மூன்று நாடுகளும் சில நாள் முன்பே பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ரில் ரகசியமாகக் கையெழுத்துப் போட்டிருந்தன. பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் தன் பக்கத்துப் பிரதியை அழிக்கச் சொன்னார். இஸ்ரேலிடம் இருந்த பிரதி தப்பியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள், சோறு போதவில்லை.

தராசு:
எல்லோரும் பொய்யான போர்களையே வரிசையாக அடுக்குகிறீர்கள். போகாமல் இருப்பதற்கும் அரசுகள் இதே வார்த்தை விளையாட்டை ஆடும். 1994-ல் ருவாண்டா. நூறு நாளில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர். அமெரிக்க வெளியுறவுத் துறைப் பேச்சாளர் 'இனப்படுகொலை' என்று சொல்ல மறுத்து, 'இனப்படுகொலைச் செயல்கள் நடந்திருக்கின்றன' என்றார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டுமே என்ற பயம். 'அரசு சொல்லும் எந்தக் காரணத்தையும் நம்பாதே' என்பது உங்கள் விதியானால், அந்த நூறு நாளில் நீங்களும் அந்தப் பேச்சாளரும் ஒரே பக்கம் நின்றிருப்பீர்கள்.

1971-ல் இந்தியா கிழக்கு வங்கத்துக்குள் போனதும், 1979 ஜனவரியில் வியட்நாம் கம்போடியாவின் கொடுங்கோலன் போல் பாட்டை விரட்டியதும் கணக்கில் வர வேண்டாமா? இரண்டுக்கும் சுயநலம் இருந்தது. இரண்டாலும் கொலை நின்றது.

முல்லைக்கொடி:
1971 சொன்னால் 1987-ஐயும் சொல்ல வேண்டும். ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம், போன இந்தியப் படைக்கு 'அமைதிப்படை' என்று பெயர். அக்டோபரில் அதே படை யாழ்ப்பாணத்தில் போர் நடத்திக்கொண்டிருந்தது. 1990 மார்ச்சில் திரும்பும்போது சுமார் 1,200 இந்திய வீரர்கள் இல்லை. அந்த ஊர் மக்களில் இறந்தவர்களைப் பற்றி நான் இங்கே எழுத விரும்பவில்லை. போன காரணமும் நடந்ததும் வேறுவேறாக எத்தனை நாள் ஆகும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன். மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பழையபேப்பர்:
தராசு சாரின் கேள்வி நியாயமானது. அதற்கு முன் ஒரு காகிதம்.

1965 மார்ச். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் உதவிச் செயலராக இருந்த ஜான் மெக்நாட்டன், வியட்நாமில் நாம் எதற்காக இருக்கிறோம் என்று தன் அமைச்சர் மெக்நமாராவுக்குச் சதவீதம் போட்டு எழுதினார். அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க, நம் வாக்குறுதிக்கு இருக்கும் மதிப்பு கெடாமலிருக்க, 70. அந்த நிலம் சீனர் கைக்குப் போகாமலிருக்க, 20. தெற்கு வியட்நாம் மக்கள் நல்ல, சுதந்திரமான வாழ்க்கை வாழ, 10.

மேடையில் மக்கள் அதிகம் கேட்டது கடைசி இரண்டையும்தான். அந்த 70 ரகசிய ஆவணத்திலேயே இருந்தது, 1971-ல் பென்டகன் ஆவணங்கள் கசியும் வரை. அந்தப் போரில் இறந்த 58,000 அமெரிக்க வீரர்களில் சில நூறு பேர் தவிர மற்ற எல்லோரும் செத்தது 1965-லும் அதற்குப் பிறகும்தான். வியட்நாமியர் கணக்கு லட்சங்களில்.

ஆகவே என் விதி 'எதையும் நம்பாதே' அல்ல. காரணத்தைச் சோதிக்க ஆள் இருந்தாரா, அவரை வேலையை முடிக்க விட்டார்களா என்று பார். 2003 மார்ச் 7 அன்று ஈராக்கில் ஆயுதம் தேடிய ஐ.நா. ஆய்வாளர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் பாதுகாப்பு அவையிடம் கேட்டது வருடங்கள் அல்ல, மாதங்கள். மார்ச் 18-ல் ஆய்வாளர்கள் வெளியேற வேண்டி வந்தது, 20-ல் குண்டு விழுந்தது. 1964-ல் வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் ஆகஸ்ட் 4 இரவு அமெரிக்கக் கப்பல்கள் மீது நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. ஆனால் மூன்றே நாளில் போருக்கு அனுமதி தரும் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. கீழவையில் 416-க்கு 0, மேலவையில் 88-க்கு 2. அந்த இரண்டு பேர்தான் 'பொறுங்கள்' என்றவர்கள்.

தராசு:
அந்தச் சதவீதக் கணக்கு எனக்குத் தெரியாது. கொஞ்சம் உறைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதிக்க நேரம் இருக்கும் போருக்குத்தான் உங்கள் விதி செல்லும். ருவாண்டாவில் நேரம் எங்கே?

பழையபேப்பர்:
இருந்தது சார். அங்கே ஐ.நா. படைத் தளபதி டல்லேர் 1994 ஜனவரி 11-லேயே கொலைக்கு ஏற்பாடு நடக்கிறது என்று தந்தி அடித்தார். கொலை தொடங்கியது ஏப்ரலில். பிறகு 5,000 வீரர்கள் போதும் என்றார். பாதுகாப்பு அவை இருந்த படையையும் 270-ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. பிளிக்ஸ் 'வேண்டாம், பொறு' என்றார், டல்லேர் 'உடனே வா' என்றார். களத்தில் நின்ற இருவர் பேச்சையும் கேட்கவில்லை.

தராசு:
சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அந்த 5,000 பேரை அனுப்பியிருக்க வேண்டுமா, கூடாதா?

பழையபேப்பர்:
அனுப்பியிருக்க வேண்டும். போகும்போதே எதற்குப் போகிறோம், எந்தத் தேதியில் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு.

தராசு:
தேதியா? 2020 பிப்ரவரியில் தோஹாவில் தாலிபானோடு அமெரிக்கர்கள் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள், 14 மாதத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்து கிளம்புகிறோம் என்று. 2021 ஆகஸ்ட் 15-ல் காபூல் போய்விட்டது. தேதி தெரிந்தவன் காத்திருந்தால் போதும்.

மழைக்குருவி:
இருபது வருடம் தேதி போடாமல் இருந்தார்களே, அதையும் எழுதுங்கள்.

தராசு:
எழுதுகிறேன், நாளைக்கு. இப்போது மணி ஒன்றாகிவிட்டது.