மணலுக்கு யார் அபராதம் போட்டது? 'ஃபைன்' என்ற சொல்லிடம் மாட்டிக்கொண்டவர்களின் அனுபவங்கள்

பிழைதிருத்தி:
பதினெட்டு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பில்தான் என் சோறு. நீளமான ஆங்கிலச் சொற்கள் என்னைக் கவிழ்த்ததே இல்லை. அவற்றைக் கண்டால் கை தானாக அகராதியை எடுத்துவிடும். கவிழ்ப்பவை எல்லாம் நாலெழுத்துச் சொற்கள்தான். 'இது தெரியாதா' என்ற நினைப்பில் எழுதிக்கொண்டே போய்விடுகிறோம்.

போன மாதம் கான்கிரீட் கலவை பற்றி ஒரு கையேடு வந்தது. கலவையில் ஃபைன்ஸ் அளவுக்கு மிஞ்சக் கூடாது என்று அதில் ஒரு வரி. இரவு பதினொன்றரை மணி, கண்ணில் தூக்கம். 'அதிகப்படியான அபராதத்தைத் தவிர்க்கவும்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை கையேட்டை அனுப்பிய இடத்துப் பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "யாருக்கு சார் அபராதம், மணலுக்கா?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, மனிதர் சிரித்துவிட்டார்.

உங்களை இந்தச் சொல் எங்கே தடுக்கிவிட்டது? எழுதுங்கள், எனக்கும் துணைக்கு ஆள் வேண்டும்.

ஜல்லிக்கலவை:
ஐயா, நான் கட்டடப் பொறியாளன். நானே விழுந்திருக்கிறேன், கேளுங்கள்.

படித்து முடித்த புதிது. கான்கிரீட் போட நல்ல மணல் வேண்டும் என்று நினைத்து, லாரிக்காரரிடம் கெத்தாக "ஃபைன் மணலாகக் கொண்டுவாருங்கள்" என்றேன். அவர் சொன்னதைச் செய்தார். மாவு போன்ற பூச்சு மணல் வந்து இறங்கியது. மேஸ்திரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "தம்பி, இது சுவர் பூசத்தான் ஆகும், தளத்துக்கு ஆகாது" என்றார். மணல் மெலிய மெலியக் கலவை அதிகத் தண்ணீர் கேட்கும். தண்ணீர் கூடினால் பலம் குறையும். ஒரு லாரி மணலில் எனக்கு அந்தப் பாடம்.

எங்கள் துறையில் 'ஃபைன்' என்பதற்கும் நல்லது என்பதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் கீழே இறங்குவது ஃபைன் அக்ரிகேட், அதாவது மணல்; மேலே நிற்பது ஜல்லி. உங்களைக் கவிழ்த்த 'ஃபைன்ஸ்' இன்னும் பொடி, 75 மைக்ரானுக்கும் கீழே. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டில் இது நிறைய வரும். ஜல்லியின் மேல் படிந்துகொண்டு சிமென்ட்டை ஒட்டவிடாது. கழுவி எடுப்பது அதற்காகத்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மணலின் மென்மையைச் சொல்ல 'ஃபைன்னெஸ் மாடுலஸ்' என்று ஓர் எண் இருக்கிறது. அது கூடினால் மணல் முரடு என்று பொருள்! வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டே பாதிப் பேரை மடக்குவார்கள்.

தறிச்சத்தம்:
எங்களுக்கு அது நேர் எதிர். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளம் எத்தனை முறை கிடைக்கிறதோ, அதுதான் நூலின் நம்பர். 40-ஆம் நம்பரைவிட 100-ஆம் நம்பர் நூல் நிறையவே சன்னம். எண் ஏற ஏற நூல் மெலியும்.

அப்பா காலத்தில் நடந்தது. 60-ஆம் நம்பர் நூலில் நெய்த மாதிரித் துணி வெளிநாட்டுக்குப் போயிருந்தது. 'துணி ஃபைன்' என்று பதில் கடிதம் வந்தது. அப்பாவுக்குத் தெரிந்த ஒரே ஃபைன் நூல் ஃபைன்தான். துணி மெலிந்துவிட்டது என்று குறை சொல்கிறார்கள் என முடிவு கட்டி, மொத்தச் சரக்கையும் 40-ஆம் நம்பரில் கனமாக நெய்து அனுப்பினார். அவர்கள் சொல்ல வந்தது 'சரியாக இருக்கிறது' என்பது மட்டுமே. சரக்கு திரும்பி வந்தது. அந்த ஆண்டு தீபாவளிக்கு எங்கள் தெருவில் எல்லோர் வீட்டு ஜன்னலிலும் ஒரே திரைச்சீலை.

ஓரக்கண்:
வானொலியில் கிரிக்கெட் கேட்ட காலத்தில் "அந்த ஃபைன் லெக் பையனுக்கு மட்டும் கால் அவ்வளவு நன்றாக இருக்குமோ" என்று என் பாட்டி கேட்டார். அது பந்தைத் தடுப்பவர் நிற்கும் ஓர் இடத்தின் பெயர், ஃபைன் என்றால் பந்தடிப்பவரின் பின்புறம், ஸ்டம்புகளின் நேர்கோட்டை ஒட்டிய குறுகிய கோணம் என்பதெல்லாம் எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

இரவுப்பணி:
இங்கிலாந்தில் செவிலியாக இருக்கிறேன். தறிச்சத்தம் அண்ணா, எங்கள் ஊசியும் உங்கள் நூலின் வழிதான். கேஜ் எண் கூடினால் ஊசி மெலியும். ஊரில் அத்தைக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தபோது, 'ஃபைன் நீடில்' வைத்துத் திசு எடுக்க வேண்டும் என்றார்கள். 22 முதல் 25 கேஜ் வரையிலான மெல்லிய ஊசி அது. அத்தையோ "மற்றவர்களுக்கு மட்டமான ஊசி, நமக்கு மட்டும் நல்ல ஊசி போலிருக்கிறது" என்று பெருமையாக உள்ளே போனார். நான் திருத்தவில்லை. பயம் போனதே, அது போதாதா.

இங்கே வந்த பிறகு கதை வேறு. முதல் வாரம், விடியற்காலை மூன்று மணி. கூட வேலை செய்யும் அம்மையாரிடம் "தேநீர் போடட்டுமா" என்று கேட்டேன். "ஐ ஆம் ஃபைன்" என்றார். நலமாக இருக்கிறாராம், நல்லது என்று இரண்டு கோப்பை போட்டேன். அவர் அதை ஆறவிட்டு வைத்திருந்தார். வேண்டாம் என்பதை இவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். முகமெல்லாம் வியர்வை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் "ஃபைன், ஃபைன்". நான் அப்படியே குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். மூத்த செவிலியர் என்னைத் திரும்ப அழைத்துப்போய், "பூஜ்யத்திலிருந்து பத்து வரை, வலி எவ்வளவு?" என்று அவரிடம் கேட்டார். "எட்டு இருக்கும்" என்றார் அந்த மனிதர், மன்னிப்புக் கேட்பது போல. அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் அந்தச் சொல்லை எழுதுவதில்லை.

மாவுமில்:
எனக்கு இவ்வளவு பெரிய அனுபவம் இல்லை. நாங்கள் மில் வைத்திருக்கிறோம். அங்கே யாரும் ஃபைன் என்று சொல்லமாட்டார்கள், "நைஸாக அரைத்துக் கொடுங்கள்" என்பார்கள். அந்தப் பழக்கத்தில், மகன் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது ஒரு கடையில் "நைஸ் அரிசி மாவு இருக்கிறதா" என்று கேட்டேன். கடைப் பெண் முகம் சுருங்கி, "எங்களிடம் இருப்பதெல்லாம் நைஸ்தான்" என்றாள். மகன் என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டு 'ஃபைன்' என்று கேட்டு வாங்கினான்.

பிழைதிருத்தி:
அம்மா, நீங்கள் கேட்டதில் குற்றமில்லை. 'நைஸ்' என்ற சொல் லத்தீனில் 'அறியாத' என்ற பொருளில் கிளம்பி, ஆங்கிலத்தில் முதலில் முட்டாளைக் குறித்து, பிறகு நுணுக்கமானது என்றாகி, கடைசியில்தான் இனிமையானது ஆயிற்று. மிக நுட்பமான வேறுபாட்டை 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று இன்றும் எழுதுகிறார்கள். உங்கள் மாவு அந்த வகையில் சேரும்.

'ஃபைன்' என்பதற்கு லத்தீனில் 'முடிவு' என்ற பொருள் கொண்ட 'ஃபீனிஸ்' மூலம். முடிவு வரை இழைத்தது, அதனால் உயர்ந்தது, அதனால் நுண்ணியது என்று ஒரு கிளை. வழக்கை முடித்துக்கொள்ளக் கட்டிய பணம், அதனால் அபராதம் என்று இன்னொரு கிளை. ஆக, நான் ஒரே மரத்தில் கிளை மாறி உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். (இப்படிச் சொன்னால் சம்பளம் கொடுப்பவர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு.)

உரைகல்:
நகைக்கடையில் வேலை. தங்கக் காசில் 'ஃபைன் கோல்டு 999' என்று பொறித்திருக்கும், ஆயிரத்தில் 999 பங்கு சுத்தத் தங்கம் என்று கணக்கு. 22 காரட் நகையில் 916 இருக்கிறதே, அதே கணக்குத்தான். பெரியவர் ஒருவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சுங்கத்தில் பிடித்து ஃபைன் போட்ட தங்கமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பத்தரை மாற்று என்கிறார்கள் ஐயா" என்றேன். உடனே எடுத்துக்கொண்டார்.

கறுப்புவெள்ளைக்கட்டை:
முடிவு என்று படித்ததும் நினைவு வந்தது. மகள் பியானோ கற்கிறாள். இசைத்தாளின் நடுவில் ஓரிடத்தில் 'ஃபைன்' என்று அச்சிட்டிருந்தது. அந்த இடத்தை அழகாக வாசிக்கச் சொல்கிறார்கள் என்று நானாக விளக்கம் கொடுத்தேன். ஒரு வாரம் அங்கே வரும்போதெல்லாம் குழந்தை தலையை ஆட்டி ஆட்டிக் குழைந்தாள். ஆசிரியர்தான் சொன்னார்: அது ஆங்கிலமே இல்லை, இத்தாலியன். 'ஃபீனே' என்று படிக்க வேண்டும். கடைசிவரை வாசித்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி வாசித்து, இந்த இடம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

பிழைதிருத்தி:
கையேட்டில் வரியைத் திருத்திவிட்டேன்: '75 மைக்ரானுக்கும் சிறிய தூள் அதிகம் சேரக் கூடாது.'

ஜல்லிக்கலவை:
தூள் என்றால் எங்கள் மேஸ்திரி சிமென்ட்டை நினைத்துக்கொள்வார். 'டஸ்ட்' என்று போடுங்கள் ஐயா, அதைக் கேட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

பிழைதிருத்தி:
போட்டாயிற்று. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பொடி எழுத்து என்று படிக்காமல் விட்டிருந்தேன், இன்றுதான் பார்த்தேன். அங்கேயும் 'ஃபைன்' இருக்கிறது. நாள் தவறினால் கூலியில் பிடித்தமாம். எனக்கு இரண்டு நாள் தவறிவிட்டது. இது அசல் அபராதமேதான், பொறியாளரிடமும் கேட்டுவிட்டேன்.