காவலரின் சட்டைக் கேமராப் பதிவை அழியாமல் காப்பது எப்படி?

தை மாதக் கடைசியில், கும்பகோணம் அருகே, சம்பா நெல் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிச் சென்ற என் தம்பியின் டிராக்டரை இரவுத் தணிக்கையில் நிறுத்திய காவலர் ஒருவர், அவனை அறைந்துவிட்டு, அவனே தம்மைத் தள்ளியதாக வழக்குப் பதிந்திருக்கிறார். அவர் மார்பில் மாட்டியிருந்த கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததைத் தம்பி பார்த்திருக்கிறான். நடந்ததைச் சொல்ல அந்தப் பதிவு ஒன்றே போதும்.

நிலையத்தில் நேரில் கேட்டேன், பயனில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு செய்தேன். விசாரணை பாதிக்கப்படும் என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் இருந்தாலும், அதற்குள் பதிவு அழிந்துவிடுமோ என்பதே என் அச்சம். காவல் நிலையக் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு சேமிக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டைக் கேமராவுக்கு அது பொருந்துமா என்பதில் எங்கள் வழக்கறிஞருக்கே தெளிவில்லை.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவின்கீழ் நடுவர் நீதிமன்றத்தில் மனு செய்து, இத்தகைய பதிவை வரவழைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?