முகநரம்பு தைத்து மூன்று மாதம், இன்னும் அசைவில்லை

கேள்வி:
தம்பிக்கு 26 வயது. பைக் விபத்தில் காதுக்கு முன்னால் கண்ணாடி கிழித்து முகநரம்பு அறுந்துவிட்டது. மறுநாளே ஆபரேஷன் செய்து தைத்தார்கள். மூன்று மாதமாகியும் இடது கண் மூடவில்லை, தண்ணீர் குடித்தால் வாயோரம் வழிகிறது. சூயிங்கம் மென்றால் சரியாகும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நரம்பு நிஜமாகவே வளருமா?

பதில் 1:
வளரும். எனக்கு வளர்ந்தது. 2019இல் கன்னத்துச் சுரப்பியில் கட்டி எடுத்தபோது நரம்பிலும் ஒரு துண்டு போய்விட்டது. கெண்டைக்காலிலிருந்து நரம்பு எடுத்து ஒட்டுப் போட்டார்கள். பாதத்தின் வெளியோரம் இன்றும் மரத்துத்தான் கிடக்கிறது.

அறுந்த இடத்துக்கு அப்பால் இருக்கும் பழைய இழை செத்துவிடும். அதன் உறை மட்டும் வெறும் குழாயாக மிஞ்சும். அதற்குள் புது இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் ஊர்ந்து வரும். காதிலிருந்து வாயோரம் வரை 10 சென்டிமீட்டர் என்றால் அதற்கே 100 நாள். தையலைத் தாண்டவும் தசையோடு இணையவும் இன்னும் நாள் பிடிக்கும். எனக்கு ஏழாவது மாதம், ஷேவ் செய்யும்போது மூக்கோரம் லேசாகத் துடித்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

மெல்லுவது வேறு நரம்பின் வேலை, மூளையிலிருந்து வரும் நரம்புகளில் ஐந்தாவது. முகநரம்பு ஏழாவது. சூயிங்கத்தை விடுங்கள், கண்ணைப் பாருங்கள். மூடாத கண்ணில் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப். ஃபேன் காற்று நேராக முகத்தில் படக் கூடாது.

பதில் 2:
நான் பிசியோதெரபிஸ்ட். முகத்தை வலிந்து இழுத்துப் பயிற்சி செய்ய வேண்டாம். வளரும் இழைகள் வழி மாறிப் போவதுண்டு. அப்போது சிரித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். அசைவு வந்ததும் கண்ணாடி முன் மெதுவாக, சின்னச் சின்னதாகப் பழக்க வேண்டும். ஆறேழு மாதத்திலும் அசைவில்லை என்றால் தைத்த டாக்டரிடமே ஈ.எம்.ஜி. (தசையின் மின் துடிப்பை அளக்கும் சோதனை) பற்றிக் கேளுங்கள். ஒன்றரை வருடம் நரம்பில்லாமல் கிடந்தால் தசை மெலிந்துவிடும். அதற்குள் மெல்லும் தசைக்குப் போகும் நரம்பில் ஒரு கிளையை முகநரம்போடு இணைக்க வழி இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. இரவில் டேப் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. காலையில் கண் சிவந்துதான் இருக்கிறது.

பதில் 1:
சிவப்பு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள் தங்கச்சி, நாளைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள். நரம்புக்குக் காத்திருக்கலாம், கண்ணுக்கு முடியாது.