மஸ்கெலியா பயணம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

(பெரியக்கா குழுவின் பெயரை "மஸ்கெலியா மிஷன் ட்ரிப்" என்று மாற்றினார்)

பெரியக்கா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இலங்கை மஸ்கெலியாப் பயணத்துக்குப் போதகர் ஐயாவிடம் பேசிவிட்டேன். சபையிலிருந்து 40,000 ரூபாய் தருகிறார்கள். முதல் நாள் மருத்துவ முகாம். அடுத்த நாள் பிள்ளைகளுக்குப் பாட்டு, நாடகம், ஸ்கூல் பேக். கடைசி நாள் மைதானத்தில் நற்செய்திக் கூட்டம். டீ-ஷர்ட், பேனர் டிசைன் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பெரியக்கா: [படம்]

தம்பி: மஞ்சள் கலரா? ஸ்போர்ட்ஸ் டேக்கா போகிறோம் அக்கா?

பெரியக்கா: உன்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. பாஸ்போர்ட் எங்கே, அதைச் சொல்.

கோவை அத்தை: பேனரில் அண்ணன் படம் எதற்கு? கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி இருக்கிறது.

பெரியக்கா: அப்பா பிறந்த ஊர் அத்தை! அதுதானே இந்தப் பயணமே.

அண்ணி: மருத்துவ முகாம் என்று எழுதாதீர்கள். நான் இங்கேதான் நர்ஸ். அங்கே போய் ஒரு ஊசி போட முடியாது. டாக்டராக இருந்தாலும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். மாத்திரை மூட்டை கட்டிக்கொண்டு போவதும் அப்படித்தான், அனுமதி இல்லாமல் கஸ்டம்ஸைத் தாண்டாது.

தம்பி: டூரிஸ்ட் விசாவில் போய் மைதானத்தில் மைக் பிடித்தால் நம்மை நேரே ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதையும் யோசி.

கூடலூர் சித்தப்பா: பிள்ளைகளா, இது புதிதில்லை. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோதே திருநெல்வேலியிலிருந்துதான் உபதேசியார்களைக் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்கு, வரவழைத்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக நடந்தே போய் ஊழியம் செய்தார்கள்.

அண்ணி: அவர்கள் அங்கேயே தங்கினார்கள் மாமா. நாம் ஞாயிறு ராத்திரி ஃபிளைட்டைப் பிடிக்க ஓடுவோம்.

கூடலூர் சித்தப்பா: அதுவும் சரிதான்.

(நான் மஸ்கெலியா அத்தானைக் குழுவில் சேர்த்தேன்)

நான்: பெரியத்தை மகன் அத்தானைச் சேர்த்திருக்கிறேன். அங்கே என்ன தேவை என்று அங்கே இருப்பவரிடமே கேட்டுவிடலாமே.

மஸ்கெலியா அத்தான்: எல்லாருக்கும் வணக்கம். மாமா சுகமா? நீங்கள் வருகிறீர்கள் என்று சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. ராத்திரி பன்னிரண்டுக்கு எழுந்து பாய் போதுமா என்று எண்ணுகிறார்.

கோவை அத்தை: அக்காவிடம் சொல்லு தம்பி, நான் வருகிறேன். என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். எனக்கு ஊர் ஒன்றும் நினைவில்லை, அக்காவைப் பார்த்தால் போதும்.

தம்பி: பெரியத்தை மட்டும் ஏன் வரவில்லை? இதை யாரும் எனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை.

கூடலூர் சித்தப்பா: 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம். தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு அங்கே குடியுரிமை. எங்கள் அப்பா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். அக்காவுக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது, அக்கா புருஷன் வீட்டில் சிலோனுக்கு எழுதியிருந்தார்கள். 1973இல் நாங்கள் அட்டனில் கோச்சி ஏறினோம். தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அப்புறம் நீலகிரியில் அரசாங்கத்தின் டான்டீ தேயிலைத் தோட்டம். கோச்சி நகரும்போது அக்கா பிளாட்பாரத்தில் ஓடிவந்தது மட்டும் எனக்கு நினைவு இருக்கிறது. அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர்.

அம்மா: காலையிலேயே எல்லாரையும் அழவைக்காதீர்கள். அரிசி வேகிறது, நான் பிறகு வருகிறேன்.

பெரியக்கா: அத்தான், தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? பேக் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

மஸ்கெலியா அத்தான்: தங்கச்சி, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பேக் வருஷா வருஷம் யாராவது கொண்டுவருகிறார்கள். என் மகளிடம் மூன்று இருக்கிறது, ஒன்றுக்கும் ஜிப் இல்லை. கொடுக்கிறவர்கள் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள். போன வருஷம் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளியில் மற்ற பிள்ளைகள் கிண்டல். அவள் அந்தப் பையைத் தொடுவதே இல்லை.

பெரியக்கா: போட்டோ இல்லாமல் சபைக்கு நான் என்ன கணக்குக் காட்டுவது? அடுத்த வருஷம் ஒரு ரூபாய் வராது.

கோவை அத்தை: ரசீது காட்டு.

அப்பா: [வாய்ஸ் மெசேஜ் 2:47]

அம்மா: நானும் கேட்டேன். இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட இதைச் சொல்லவில்லை.

தம்பி: நான் பஸ்ஸில் இருக்கிறேன், ஹெட்போன் இல்லை. யாராவது டைப் பண்ணுங்களேன்.

நான்: அப்பா சொன்னது அப்படியே: "பெரிய மகளே, உன்மேல் கோபம் இல்லை. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் தொரை பங்களா வாசலில் எங்களை உயர வரிசையில் நிறுத்துவார்கள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பேர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் போய், இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, தொரைசானி போடுகிற டொஃபியை வாங்கிக்கொண்டு, சலாங்க சொல்லிவிட்டு, பின்னாலேயே நடந்து வர வேண்டும். முதுகு காட்டக் கூடாது. டொஃபி நன்றாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் நல்ல மழை. தொரைசானி வர நேரமாகிவிட்டது. ஈரக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் ஆத்தா வேலி ஓரமாகவே நின்றது. என்னைத் தனியாக விட்டுப் போக மனசில்லை. அன்றைக்கு அதற்கு அரைப் பேர்தான் போட்டார்கள். நாலு டொஃபிக்கு அரைநாள் சம்பளம். அந்தத் தோட்டத்தில் நான் போய் ஒரு பிள்ளையை வரிசையில் நிறுத்த மாட்டேன். மற்றபடி நீங்கள் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்."

தம்பி: சரிப்பா.

பெரியக்கா: பேனர் வேண்டாம். பேக் வேண்டாம். நாடகமும் வேண்டாம். ஆனால் சபைப் பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வர என்னால் முடியாது. அத்தான், நீங்களே சொல்லுங்கள்.

மஸ்கெலியா அத்தான்: அம்மாவைக் கேட்டேன். "கண்ணாடி" என்கிறார். நாற்பத்தைந்து தாண்டிய பொம்பளைகளுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கிவிடுகிறது. கொழுந்தா முத்தல் இலையா என்று விரலுக்குத் தெரியும், ஆனால் கூடையைக் கொட்டிப் பொறுக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொடுக்கிற துண்டில் எத்தனை கிலோ என்று படிக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். கண்ணாடி வாங்க ஒருநாள் பேரை விட்டுவிட்டு அட்டனுக்குப் போக யாருக்கு முடியும்?

அண்ணி: இது நல்ல யோசனை! அசாம் தேயிலைத் தோட்டங்களில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்கள். கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடி வாங்கியவர்கள் வாங்காதவர்களைவிட நாளைக்கு 5 கிலோ சொச்சம் கூடுதலாகப் பறித்தார்கள், ஏறக்குறைய 21.7 சதவீதம். 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த்தில் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரி வகுப்பில் சொன்னார்கள்.

தம்பி: 5 கிலோ கூடினால் கம்பெனிக்குத்தானே லாபம்?

மஸ்கெலியா அத்தான்: கிலோ குறைந்தால் அரைப் பேர் மச்சான். கூடினால் அதற்குத் தனிக் காசு. லாபம் யாருக்கு என்று பிறகு சண்டை போடலாம், முதலில் துண்டைப் படிக்கட்டும்.

பெரியக்கா: கோவையில் மொத்தமாக வாங்கினால் ஒரு கண்ணாடி 70, 80க்குக் கிடைக்கும். இருநூறு வாங்கவா?

மஸ்கெலியா அத்தான்: இருநூறைப் பெட்டியில் கொண்டுவந்தால் விற்க வந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். அட்டனில் தெரிந்த கண்ணாடிக் கடைக்காரர் இருக்கிறார். அவரே ஒரு பிற்பகல் வந்து பார்த்து, ஆளுக்கு ஏற்ற பவரில் கொடுப்பார். புரை மாதிரி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார். பணத்தை அவரிடம் நேரே கட்டுங்கள், பில் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் உட்காரவைத்துப் பார்க்கலாம், தோட்டத்து ஐயாவிடம் நான் கேட்கிறேன்.

அண்ணி: பவர் பார்க்கும் அட்டையைப் பிடிக்க, பேர் எழுத நான் வருவேன். அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

பெரியக்கா: ஞாயிறு கூட்டம்?

மஸ்கெலியா அத்தான்: மைதானம் வேண்டாம் தங்கச்சி. இங்கே பெரும்பாலும் மாரியம்மன் கோயில் குடும்பங்கள், எல்லாரும் நமக்குச் சொந்தம்தான். எங்கள் சிறிய சபையில் ஆராதனைக்கு வாருங்கள், மாமா இரண்டு வார்த்தை பேசட்டும். பிற்பகல் கோயில் பூசாரி வீட்டில் சாப்பாடு. அவர் மாமாவோடு ஒன்றாகப் படித்தவராம்.

அப்பா: அவனா! என் சிலேட்டை உடைத்தவன். இன்னும் இருக்கிறானா?

மஸ்கெலியா அத்தான்: நன்றாக இருக்கிறார் மாமா. சிலேட்டை உடைத்தது நீங்கள் என்கிறார்.

அப்பா: மாப்பிள்ளை, லயத்தில் நாங்கள் இருந்த அறை, அந்தக் காம்பரா இருக்கிறதா?

மஸ்கெலியா அத்தான்: இருக்கிறது. நாங்கள் இந்தியா 7 பேர்ச் நிலத்தில் கட்டிக்கொடுத்த தனி வீட்டுக்கு வந்துவிட்டோம். பழைய காம்பராவில் இப்போது வேறு குடும்பம். இஸ்தோப்பில், அதுதான் முன் திண்ணையில், தகரம் அடித்து அடுப்படியாக்கியிருக்கிறார்கள். வந்து பாருங்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பழைய மஸ்கெலியா டவுனைத்தான் பார்க்க முடியாது.

தம்பி: ஏன்?

அப்பா: 1969இல் மவுசாகலை அணை கட்டினார்கள். கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல் எல்லாம் தண்ணீருக்குள். நான் முதல் செருப்பு வாங்கிய கடையும் போய்விட்டது. கோடை கடுமையாக இருந்து தண்ணீர் வற்றினால் கோயில் தெரியுமாம்.

அம்மா: சித்திரையிலா போகிறோம்? பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிடும்தானே.

மஸ்கெலியா அத்தான்: வருஷப் பிறப்புக்கு வாருங்கள் மாமி. கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைகளெல்லாம் வீட்டுக்கு வந்திருப்பார்கள். ஆனால் அது சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். அட்டன் ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது. வேன் பேசிவிடுகிறேன். பாதையில் அட்டை ஏறும், முழங்கால் வரை சாக்ஸ் கொண்டுவாருங்கள்.

கோவை அத்தை: அக்காவுக்கு என்ன வாங்கிவர?

மஸ்கெலியா அத்தான்: ஊட்டி வர்க்கி. தேயிலை மட்டும் கொண்டுவராதீர்கள், சிரிப்பார்கள்.

பெரியக்கா: சரி, திருச்சி - கொழும்பு டிக்கெட் இன்று ராத்திரி போடுகிறேன். எல்லாரும் பாஸ்போர்ட் முதல் பக்கம் அனுப்புங்கள். சபைப் பணம் கண்ணாடிக்கு மட்டும், டிக்கெட் அவரவர் காசு. தம்பி, உன்னுடையது செப்டம்பரிலேயே காலாவதி ஆகிவிட்டது, அம்மா சொன்னார்.

தம்பி: திங்கட்கிழமை அப்ளை பண்ணுகிறேன்.

அம்மா: இதைத்தான் தீபாவளிக்கும் சொன்னான்.