டிஸ்பிளே சிப் பங்கில் போனஸைப் போடலாமா?

குமரன், காத்ர் போர்ன், மொரீஷியஸ்:
ஆண்டிறுதிப் போனஸ் கைக்கு வந்துவிட்டது. அதில் பாதிக்கு, அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் கிடைக்கும் தைவானின் ஹைமாக்ஸ் பங்கை வாங்கலாமா? திரையை இயக்கும் டிரைவர் சிப்தான் அவர்களின் முதன்மைத் தொழில். ஆனால் வளர்ந்தது, பின்னாலிருந்து விளக்கொளி பாயும் எல்சிடி திரைகளில். 2025இல் ஐபோன் 16ஈ வந்ததோடு ஆப்பிளின் புதுப் போன்கள் எல்லாமே ஓஎல்இடி, அதாவது புள்ளிகள் தாமே ஒளிரும் திரை, ஆகிவிட்டன. வீட்டில், வங்கி வைப்பே போதும் என்கிறார்கள்.

வேலு, ரோஸ் ஹில்:
தம்பி, நான் நாள் முழுவதும் உடைந்த திரைகளோடு மல்லுக்கட்டும் போன் ரிப்பேர்க்காரன். எல்சிடியைக் கழற்றினால் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் குச்சி மாதிரிக் கருத்த துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதில் கீறல் விழுந்தால் திரை முழுவதும் கோடு கோடாகிவிடும். நீங்கள் வாங்கப் பார்க்கும் சரக்கு அதுதான். ஓஎல்இடிக்கும் டிரைவர் வேண்டும், ஆனால் இதே சிப் செல்லாது. போன் எல்சிடியில் தொடுதிரை வேலையையும் சேர்த்து ஒரே சிப்பாக விற்றுக் காசு பார்த்தார்கள். ஓஎல்இடியில் பெரும்பாலும் இரண்டும் தனித்தனி. அந்தச் சாமர்த்தியம் அங்கே எடுபடவில்லை.

ஆனால் ஹைமாக்ஸின் பிழைப்பு இப்போது போனில் இல்லை, காரில். வருமானத்தில் ஏறக்குறைய பாதி கார்த் திரைகளிலிருந்து வருகிறது. கார் நிறுவனங்கள் ஒரு சிப்பைத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுக்கணக்கில் மாற்றுவதில்லை. ஆகவே ஐபோனை விடுங்கள். கார் விற்பனையையும் சீனப் போட்டியாளர்கள் சொல்லும் விலையையும் பாருங்கள்.

மீனாட்சி, போர்ட் லூயி:
ஓஎல்இடியில் இருந்தால் மட்டும் தப்பிக்கலாம் என்பதும் இல்லை. ஓஎல்இடி டிரைவர் செய்த மேக்னாசிப்பை 2021இல் ஒரு சீன முதலீட்டு நிறுவனம் 1.4 பில்லியன் டாலருக்குக் கேட்டது. அமெரிக்க அரசு குறுக்கே நின்றது. 2025இல் மேக்னாசிப் டிஸ்பிளே தொழிலையே கைகழுவியது. வரியையும் பாருங்கள்: மொரீஷியஸுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் கிடையாது, அமெரிக்க நிறுவனத்தின் ஈவுத்தொகையில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். ஹைமாக்ஸ் கேமன் தீவுகளில் பதிவான நிறுவனம் என்பதால் கணக்கு வேறு. தரகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எப்படியானாலும் ஒரே பங்கில் பாதிப் போனஸ் அதிகம்.

குமரன்:
அடுத்த தலைமுறைத் திரை என்கிறார்களே, மைக்ரோ எல்இடி, அது வந்தால்?

வேலு:
ஆம்ஸ் ஓஸ்ராம் என்ற நிறுவனம் அதை நம்பித்தான் மலேசியாவில் ஆலை கட்டியது. 2024இல் வாடிக்கையாளர் திட்டத்தைக் கைவிட்டார். பங்கு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. என் கடைக்கு இதுவரை ஒரு மைக்ரோ எல்இடி போன்கூட வரவில்லை.

குமரன்:
சரி அண்ணா. பிப்ரவரியில் காலாண்டு அறிக்கை வரட்டும், கார்க் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிறிதாக வாங்குகிறேன். மீதி வங்கிக்கு.