குடம்புளி மாத்திரையா, கோட்டை நடையா?

கொசப்பேட்டை அத்தை:
வயது 51, எடை 78 கிலோ. என் நாத்தனார் மகன் எடை குறைக்கும் என்று விற்கிற குடம்புளிச் சாற்று மாத்திரைக்கு முகவராகிவிட்டான். டப்பா 1,800 ரூபாய். உறவுக்காக இரண்டு வாங்கினேன். ஒரு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் அதே மாதம்தான் வேலூர்க் கோட்டை அகழியோரம் காலை நடையையும் தொடங்கினேன், இரவுச் சோற்றையும் விட்டேன். எதனால் குறைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "எல்லாம் மாத்திரைதான் அத்தை" என்கிறான். நடந்தது என் கால், பெயர் அவன் டப்பாவுக்கு!

ராணிப்பேட்டை மருந்தாளுநர் (ஓய்வு):
தனி ஆளாகக் கண்டுபிடிக்க முடியாது அம்மா. அதற்குத்தான் ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்து ஒப்பிட்டுச் சோதிக்கிறார்கள். 1998இல் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரம் இதே குடம்புளியைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு அதிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம், நாளுக்கு 1,500 மில்லிகிராம். மறு பிரிவுக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது. இரு பிரிவுக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. குடம்புளிப் பிரிவில் சராசரியாக 3.2 கிலோ குறைந்தது, வெறும் மாத்திரைப் பிரிவில் 4.1 கிலோ! அந்த வித்தியாசமும் தற்செயலாக வரக்கூடியதுதான். மாவுச்சத்து கொழுப்பாக மாற உதவும் நொதியை அந்த அமிலம் தடுக்கும் என்பது உண்மை. சோதனைக்குழாயில் தடுப்பது வேறு, உங்கள் இடுப்பில் தடுப்பது வேறு.

ஒன்று கேட்கிறேன்: வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா? இவ்வகை மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ உடனே நிறுத்துங்கள்.

ஒடுகத்தூர்ப் பேரன்:
எங்கள் ஆயா ஆடு மேய்த்துத் திரும்பும்போது கரட்டிலிருந்து கள்ளிமுளையான் என்ற கள்ளி போன்ற சிறு செடியை ஒடித்து வந்து துவையல் அரைக்கும். தின்றால் வெகுநேரம் பசிக்காது என்று சொல்லும். இப்போது அதுவும் மாத்திரை. பெங்களூரில் 50 பேருக்கு அதன் சாற்றையோ வெறும் மாத்திரையையோ 60 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. சாறு சாப்பிட்டவர்களுக்குப் பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. எடையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. விற்பவர்கள் இடுப்போடு நிறுத்திக்கொள்வார்கள்.

கொசப்பேட்டை அத்தை:
சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் ஐயா. இந்த டப்பாவைப் பற்றி டாக்டரிடம் வாய் திறக்கவில்லை. நாளை எடுத்துக்கொண்டு போகிறேன். இரண்டாவது டப்பா பிரிக்காமல் இருக்கிறது, அவனிடமே கொடுத்துவிடுவேன். நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் சரி.

தம்பி, அந்தத் துவையலுக்குப் புளி எவ்வளவு வைப்பார்கள்?